கம்பி நாரால் தேய்த்த ரொட்டி டின்கள்

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். தினமும் ரொட்டி சுட்டுப் பக்கத்துக் காசநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நடத்துபவர் சிவகாமி அம்மா. நாற்பது வயதுதான். அவரிடம் சீடராக வந்த வீரபாகுவுக்கோ அறுபத்தொன்று. ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். மீசையை எடுத்தாச்சு, மிடுக்கு மட்டும் போகவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் அம்மா முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, இருபது வருஷத்துக்கு முந்தி லாக்கப்பில் ஒருத்தனை அடிச்சேன். அவனுக்கு ஒரு காது போயிடுச்சு. திருடினது அவன் இல்லைன்னு பிறகுதான் தெரிஞ்சுது. காலில் விழுந்தேன், மன்னிச்சும் விட்டான். ஆனா கண்ணை மூடினா அவன் முகம்தான். தூக்கம் போச்சு. அதைத் துடைச்சு எடுக்க வழி சொல்லுங்க. இல்லேன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிரும்."

அம்மா மூலையைக் காட்டினார். அங்கே முப்பது ரொட்டி டின்கள் கிடந்தன. இனிப்பு ரொட்டி சுட்டதில் சர்க்கரை வழிந்து கருகிப் பிடித்திருந்தது.

"சோடா உப்பு போட்டு, வெந்நீர் ஊத்தி ஊற வைங்க. ஒட்டியிருக்கிற சர்க்கரை மட்டும் வந்தா போதும். அடியில் இருக்கிற கறுப்பு இருக்கட்டும்."

ஊற வைப்பதா? வீரபாகுவுக்கு அந்தப் பொறுமை ஏது! கம்பி நாரை எடுத்தார். சாயங்காலம் வரை தேய் தேய் என்று தேய்த்தார். கை கன்றிப் போச்சு. டின்கள் கடையிலிருந்து இப்போதுதான் வாங்கியதுபோல் மின்னின. பெருமையாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, வெந்த ரொட்டி ஒன்றுகூட டின்னை விட்டு வரவில்லை. கவிழ்த்தார்கள், தட்டினார்கள். மேல்பாதி பிய்ந்து வந்தது. அடிப்பாதி உள்ளேயே நின்றது.

ரொட்டி போடும் பேச்சிமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன இன்ஸ்பெக்டர் ஐயா, ரொட்டியையும் லாக்கப்பில் போட்டுட்டீயளா? வெளிய வரவே மாட்டேங்கு!"

பாவி, விளையாட்டாகத்தான் சொன்னான். வீரபாகுவுக்குச் சுர்ரென்று ஏறியது. கையை ஓங்கிவிட்டார். பேச்சிமுத்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

அடி விழவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"மன்னிச்சிருப்பா," என்றார் வீரபாகு. கண் கலங்கிவிட்டது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே வந்து ஒரு டின்னைக் கையில் எடுத்தார்.

"கறுப்பு இருக்கட்டும்னு சொன்னேனே, ஐயா. வருஷக்கணக்கா எண்ணெய் குடிச்சு, சூட்டில் படிஞ்சது. அது இருந்தாத்தான் மாவு ஒட்டாது."

"அதுவும் கறைன்னு நினைச்சிட்டேன், அம்மா."

"சரி, எண்ணெய் தடவி வெறும் டின்னையே அடுப்பில் வைப்போம். பல தடவை வச்சா திரும்பப் படியும். பேச்சி, பிய்ந்த ரொட்டியைப் பாலில் ஊற வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. பசியோட இருப்பாங்க."

அவன் போனதும் அம்மா கேட்டார்.

"ஓங்கின கை ஏன் நின்னுச்சு?"

வீரபாகு தன் கையைப் பார்த்தார்.

"காது போனவன் முகம் வந்துச்சு, அம்மா."

"அந்த முகத்தையா துடைச்சு எடுக்கச் சொன்னீங்க?"