மேலவீதிச் சரிவு

ஆற்றங்கரை மடத்தில் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் அறுபதைத் தாண்டியவர். வயதை வைத்துத்தான் ஞானம் வரும் என்றால் மடத்து வாசலில் நிற்கும் புளியமரம் எப்போதோ உபதேசம் பண்ணத் தொடங்கியிருக்கும். சீடரின் பெயர் நயினார். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். குருவைத் தம்பிரான் என்பார்கள். நேரில் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் ஊர்த் தேர் பெரியது. அப்படிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சும்மா தலையை ஆட்டிவைப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது அது பொம்மை மாதிரி அசைந்து வரும். கிட்டே வந்துவிட்டால் வீதியில் வெயில் இருக்காது, பேசிக்கொண்டிருந்தவர்களுக்குப் பேச்சும் வராது. ஒரு சக்கரமே நயினாரைவிட உயரம். அவர் ஒன்றும் குள்ளமில்லை.

அதற்குப் பிரேக் கிடையாது. வடம் பிடிப்பவர்கள் ஊரே திரண்டு வந்தாலும் இழுக்கத்தான் முடியும், நிறுத்த முடியாது. நிறுத்துவதும் திருப்புவதும் முட்டுக்கட்டை. நீளக் கைப்பிடி வைத்த மரத்துண்டு, அவ்வளவுதான். உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் ஒருவர் குனிந்தபடியே பின்னோக்கி நடந்து, அதை வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். வலது முன்சக்கரத்துக்குக் கட்டை போடும் உரிமை தலைமுறை தலைமுறையாக மடத்துக்கு. போட்டுக்கொண்டிருந்தவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. இந்த வருஷம் தம்பிரான் நயினாரைக் கூப்பிட்டுக் கட்டையைக் கையில் கொடுத்தார்.

தேரைப் பழுது பார்த்திருந்தார்கள். அதனால் திருவிழாவுக்கு முன்னால் கோயில் சாமியை ஏற்றாமல் வெறுந்தேராக ஒரு வெள்ளோட்டம் விட்டார்கள். மேலவீதி திரும்பும் இடத்தில் ஒரு சரிவு உண்டு. தேர் அங்கே வந்தபோது யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். நயினாரின் இரண்டு கைகளும் கட்டையை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே போய்விட்டன.

கட்டை ஒருக்களித்தது. தேர் ஒரு குலுக்குக் குலுக்கி வீடுகளின் பக்கம் திரும்பி, ஒரு வாசல்படியை அப்பளமாக நொறுக்கிவிட்டு, மறுபக்கத்துக் கட்டையில் முட்டி நின்றது. தம்பிரான்தான் நயினாரை இடுப்பு வேட்டியைப் பிடித்து வெளியே இழுத்தார். யாருக்கும் காயமில்லை. படி உடைந்த வீடு நயினாரின் மகள் கோமுவின் வீடு. கோமுவுக்குக் கைக்குழந்தை.

அன்றிலிருந்து நயினாருக்குச் சோறு இறங்கவில்லை. தேரோட்டத்துக்கு முந்தின நாள் காலையில் கட்டையைத் தூக்கிக்கொண்டு குருவிடம் வந்தார். தம்பிரான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, இதை வேற யாருக்காவது குடுத்துருங்க."

"ஏன்?"

"அதுக்கு முன்னால நான் ஒரு எறும்பு சாமி."

"எறும்பு தேரைக் கண்டா கும்பிடாதே."

நயினார் கட்டையைக் குருவின் பக்கத்தில் வைத்தார்.

"எதைக் கண்டு பயப்படுதீங்க? தேரையா?"

"மொதல்ல தேருன்னுதான் நெனச்சேன். இப்போ என் கையைக் கண்டாத்தான் பயமா இருக்கு. கோபுரத்தைக் கண்டா அது தானா எழும்பும் சாமி. பஸ் ஓட்டும்போது எத்தனை தடவை ஸ்டீரிங்கை விட்டுட்டுக் கும்பிட்டிருக்கேன். ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்ல."

"பஸ்ஸுக்குப் பிரேக் உண்டு."

"அதைத்தான் சொல்லுதேன். வெறுந்தேருக்கே இந்தக் கை எழும்பிச்சு. நாளைக்கு மேல அவரே உக்காந்திருப்பாரு. சும்மா இருக்குமா?"

"கோமு என்ன சொல்லுதா?"

"நாளைக்கு ஒரு நாள் புள்ளையத் தூக்கிக்கிட்டு உங்க அத்தை வீட்டுல போய் இருன்னு கெஞ்சிப் பாத்தேன். வாசலுக்கு வார சாமியை விட்டுட்டு எங்க போக, சக்கரத்துல நீங்கதான நிக்கீக, எனக்கு என்ன பயம்ங்கா." தைரியசாலிகளால் பயந்தவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை.

தம்பிரான் கீரையை மூடிவைத்துவிட்டு எழுந்தார். இருவரும் தேர் நிற்கும் இடத்துக்குப் போனார்கள். வாழைமரமும் தோரணமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் கொடி கட்டுகிறவன் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தான்.

"நிமிந்து பாருங்க. எப்படி இருக்கு?"

நயினார் பார்த்தார். மேகம் நகர்ந்ததா தேர் நகர்ந்ததா என்று தெரியவில்லை. தேர் தன்மேல் சாய்வது போல இருக்க, இரண்டடி பின்னால் போனார்.

"தலை சுத்துது சாமி."

"இப்போ குனிங்க. சக்கரம் தரையில எங்க தொடுதுன்னு பாருங்க."

நயினார் முழங்காலிட்டார். சரியாகத் தெரியாமல் மண்ணில் கன்னம் படக் குப்புறப் படுத்தார். இத்தனை பெரிய சக்கரம் தரையில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் என்றே இதுவரை நினைத்திருந்தார். உள்ளங்கை அகலம்தான் தொட்டுக்கொண்டிருந்தது. கையைப் பக்கத்தில் வைத்து அளந்தும் பார்த்தார்.

"இவ்வளவுதான் சாமி தொடுது."

"மத்ததெல்லாம்?"

"மேல நிக்கு."

"மேல நிக்கிறதை நீங்க பாக்க வேண்டாம்."

நயினார் எழுந்து மண்ணைத் தட்டினார். பயம் அப்படியே இருந்தது. குருவிடம் பொய் சொல்லக்கூடாது என்பதால் அதையும் சொன்னார்.

"பயம் போகல சாமி."

"போகும்னு நான் சொல்லலையே."

"ஒண்ணு செய்யலாமா? துண்டை வச்சு என் கையைக் கைப்பிடியோட சேத்துக் கட்டிவிட்டுருங்க. எழும்பணும்னு நெனச்சாலும் எழும்பாது."

"கட்டை சக்கரத்துல சிக்கிச்சுன்னா கையும் கூடவே போகும். விட வேண்டிய நேரத்துல விடவும் தெரியணும். நாளைக்கு வாங்க."

குரு போய்விட்டார். நயினார் வெகுநேரம் அந்த உள்ளங்கை அகலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் வடம் பிடித்தார்கள். கொட்டும் கூச்சலுமாகத் தேர் அசைந்தது. நயினார் குனிந்தவர் குனிந்தவர்தான். கீழவீதியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. தெற்குவீதியில் மோர் கொடுத்தார்கள், வாங்கவில்லை. வைத்தார், எடுத்தார், வைத்தார். கட்டை தேய்ந்து கருகும் வாடை மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. தம்பிரான் பக்கவாட்டில், வேட்டியைப் பிடிக்கும் தூரத்தில் நடந்து வந்தார்.

மேலவீதி வந்தது. சரிவில் முன்சக்கரம் இறங்கியதும் வடம் தொய்ந்தது. இழுக்காமலேயே தேர் வரத் தொடங்கியது. வடத்தைப் பிடித்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் சிரித்துக்கொண்டு பின்னால் திரும்பி, தட்டுத் தட்டாகக் கற்பூரம் ஏற்றுவதைப் பார்த்தார்கள். அரகரா என்று ஒரு சத்தம் கிளம்பியது. வீதியில் இருந்த அத்தனை கைகளும் மேலே போயின.

நயினாருக்குக் கண்ணோரத்தில் புதுச் சிமெண்ட் பூசிய படி தெரிந்தது. படியில் இரண்டு கால்கள், மெட்டி போட்டவை. குழந்தை சத்தத்துக்குப் பயந்து வீறிட்டு அழுதது. ஒரு அடி பின்வாங்கிக்கொள் என்று கத்த நினைத்தார், அந்தக் கூச்சலில் கேட்காது.

அவருடைய இடது கை கைப்பிடியை விட்டு எழும்பியது. ஒரு விரற்கடை அளவு. அதை அவரே பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. தம்பிரானும் பார்த்தார். பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அந்தக் கை பிறகு இறங்கி மறுபடி பிடித்துக்கொண்டது. நயினார் அந்த உள்ளங்கை அகலத்துக்கு நேரே கட்டையை வைத்துத் தன் முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தார். சக்கரம் உறுமியது, கட்டையைத் தேய்த்துக்கொண்டு மெல்லத் திரும்பியது. மெட்டிக் கால்களை விட்டு விலகி, வீதியோடு போனது.

மத்தியானத்துக்கு மேல் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. கூட்டம் கலைந்தது. கோமு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா, இன்னைக்கு அலங்காரம் பாத்தீகளா? அப்படியே சிரிச்சாப்புல இருந்தாரு."

"பாத்தேன்ம்மா," என்றார் நயினார். குழந்தையின் காலை ஒரு முறை தொட்டுவிட்டு, சக்கரத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

தம்பிரான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கைகளில் ஊற்றினார். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துக் கிடந்தன.

"பொய் சொல்லிட்டேன் சாமி. நான் பாக்கல."

"தெரியும்."

"ஊர் பூரா பாத்துருக்கு. கிட்டத்துல நின்னவன் நான் ஒருத்தன்தான், என் தலைக்கு மேலதான் இருந்தாரு. நிமிந்து பாக்கல, ஒரு கும்பிடு போடல. அம்புட்டுக் கையும் எழும்பும்போது என் கை மட்டும் கட்டையைப் பிடிச்சுட்டு இருந்துது. அவரு என்ன நெனச்சிருப்பாரு?" நயினார் தேம்பித் தேம்பி அழுதார். சின்னப் பிள்ளைகள்கூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

தம்பிரான் செம்பைக் கீழே வைத்தார்.

"மலைப்பாதையில பஸ் ஓட்டியிருக்கீங்களா?"

"ஓட்டியிருக்கேன் சாமி."

"இறக்கத்துல, கொண்டை ஊசி வளைவுல, உள்ள இருக்கவங்க எங்க பாத்துட்டு வருவாங்க?"

நயினார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேற எங்க பாப்பாக? டிரைவரைத்தான். ஒருத்தன் வெளிய பாக்க மாட்டான். நமக்கு முதுகு கூசும்."

"அந்தச் சரிவுல இன்னைக்கு வண்டிக்குள்ள உக்காந்து வந்தது யாரு?"

நயினார் அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து தேரின் மேலே பார்த்தார்.