சைக்கிளுக்குப் பால் ஊத்துன சந்தனமாரி

கண்ணை மூடு. மூடுனாத்தான் கதை. காலை ஆட்டாதட்டி பவுனு, அத்தை முதுகுல இடிக்கு. நான் நிறுத்தும்போதெல்லாம் "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டேன்னு நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு சைக்கிளு இருந்துச்சாம். ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல, வெறும் சைக்கிளுதான். அதை ஓட்டுறவ பேரு சந்தனமாரி. கேரியர்ல ஒரு ஐஸ் பெட்டி. காலையில குச்சி ஐஸா நிறைச்சுக்கிட்டு, பாம் பாம்னு ஹாரனை அமுக்கி, தெருத்தெருவா வித்துட்டு, கடைசியா உப்பளத்துக்குப் போவா. அங்க உப்பு வாருற சனங்களோட பிள்ளைங்க குடிசை வாசல்ல காத்துக் கிடக்கும்.

ம்?

ஆனா அந்த உப்பளத்துப் பாதை இருக்கே, அது பாதையா? ரெண்டு பக்கமும் உடைமரம், கீழ பூரா முள்ளு. ஒவ்வொண்ணும் அத்தை விரல் நீளம். சைக்கிளு பாதி வழி போவும், டுப்! ஸ்ஸ்ஸ்ஸ்... அம்புட்டுத்தான். அப்புறம் வேகாத வெயில்ல உருட்டிக்கிட்டே போணும். போய்ப் பெட்டியைத் திறந்தா, உள்ள ஆரஞ்சுத் தண்ணி. குச்சியெல்லாம் மிதக்கும்.

பிள்ளைங்க என்ன செஞ்சுச்சு தெரியுமா? ஆளுக்கொரு டம்ளரைத் தூக்கிக்கிட்டு, "ஏ, ஐஸ் குடிக்க வாங்கலே!"ன்னு ஓடிவந்துச்சு. ஐஸ் குடிக்கிறதாம்! பாவம், அதுங்க கண்ட ஐஸ் அதான்.

"குடிக்கக் கூடாது பிள்ளைகளா, கடிச்சுத் திங்கணும். ஐஸுன்னா கல்லு மாதிரி இருக்கும், பல்லு கூசும்"னு சந்தனமாரி சொன்னா. அப்போ கனின்னு ஒரு சின்னப்பிள்ளை, முன்பல்லு ரெண்டும் விழுந்தது, இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "போங்கக்கா, பொய் சொல்லுதீங்க. தண்ணி எப்படிக் கல்லாவும்?"னு கேட்டுட்டு, டம்ளர்ல இருந்ததை மடக்குமடக்குன்னு குடிச்சுட்டுப் போயிட்டு.

சந்தனமாரிக்கு மனசு ஒடிஞ்சு போச்சு. அன்னிக்குச் சோறே இறங்கலை. மழை விழுந்தா உப்பளத்துல வேலை இல்ல, அந்தச் சனமெல்லாம் மூட்டையைக் கட்டிக்கிட்டு அதுங்க ஊருக்குப் போயிரும். அதுக்குள்ள அந்தப் பிள்ளை கையில ஒரு கட்டி ஐஸைக் குடுத்துரணும்னு முடிவு பண்ணிட்டா.

அப்புறம், பழைய டயரை வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவுல உள்பட்டை மாதிரி வச்சா. சைக்கிளு கனத்துப் போய், கடக்முடக்குன்னு ஆமை கணக்கா நகருது. உடைமுள்ளு விடுமா? அதையும் துளைச்சுக்கிட்டு, டுப்! ஸ்ஸ்ஸ்... மறுபடியும் பிள்ளைங்க ஐஸ் குடிச்சுதுங்க.

ம் சொல்லு. ஆங்.

அப்போ சைக்கிள் கடை ஏசுதாசன் அண்ணாச்சி இருக்காரே, மார்த்தாண்டத்துப் பக்கத்து ஆளு, அவரு ஒட்டுப் போட்டுக்கிட்டே, "டியூபுக்குள்ள கொஞ்சம் பால் ஊத்திட்டா முள்ளு குத்துனாலும் காத்து போவாது"ன்னாரு. இவ நின்னு முழுசாக் கேட்டாளா? ஓட்டமா வீட்டுக்கு ஓடி, ஆட்டைப் பிடிச்சு, சர்ர் சர்ர்னு பால் கறந்தா. காத்து அடிக்கிற வாயைக் கழட்டி, பச்சப்பிள்ளைக்குப் புகட்டுற சங்கை எடுத்து, "குடி ராசா, குடி"ன்னு சைக்கிளுக்குப் புகட்டுதா!

சிரிக்காதட்டி, தூக்கம் கலைஞ்சிரும். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்துட்டு, "என்னட்டி, சைக்கிளு செத்தா போச்சு, பால் ஊத்துத?"ன்னு கேட்டா.

அப்புறம் அடிச்ச வெயில்ல உள்ள இருந்த பால் திரிஞ்சு, கட்டி கட்டியா ஆகிப்போச்சு. உப்பளத்துப் பாதையில டுப்புன்னு ஒரு முள்ளு ஏற, பீச்ச்னு மூஞ்சியெல்லாம் புளிச்ச பாலு. அய்யே, நாத்தம்! ஊர் நாயெல்லாம் பின்னாடியே வருது. உப்பளத்துல கனி மூக்கைப் பொத்திக்கிட்டு, "இன்னிக்கு ஐஸ் கெட்டுப்போச்சாக்கா?"ன்னு கேட்டுச்சு.

மறுநாள் அண்ணாச்சிகிட்ட சண்டைக்கே போயிட்டா. அவரு விஷயத்தைக் கேட்டுட்டு, ஸ்பேனரைப் போட்டுட்டு விழுந்து விழுந்து சிரிக்காரு. "எங்க ஊர்ல பால்னா ரப்பர் பால் பிள்ளே! மரத்துல வடியும்லா, அது!"ன்னாரு. அது உள்ள உறையாம இருக்க மருந்து கலந்து வச்சிருந்த பாட்டிலை எடுத்து, ரெண்டு சக்கரத்துக்கும் ஊத்துனாரு. "முள்ளு குத்துனா பிடுங்கிப் போடு. பிடுங்கிட்டுச் சக்கரத்தைச் சுத்து. பால் போய் ஓட்டையை அடைச்சுக்கிடும்."

அன்னிக்குன்னு பாத்து மேக்க வானம் இருட்டிக்கிட்டு வருது. நாளைக்கு அந்தச் சனம் கிளம்புதுன்னு சேதி. சந்தனமாரி பறக்கா. பாதி வழியில... டுப்!

ம்...

இறங்கிப் பாத்தா பின்சக்கரத்துல முழு முள்ளு. சைக்கிளு ஓட்டுறவங்க முள்ளைப் பிடுங்கவே மாட்டாங்க. அதுதான் ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்கும், கடை வரைக்கும் தாங்கும்னு ஒரு நம்பிக்கை. பிடுங்குனா இருக்கிற காத்தும் போயிரும். அண்ணாச்சி பேச்சை நம்புறதா, இத்தனை வருச வழக்கத்தை நம்புறதா? "சந்தனமாரியம்மா, நீயே துணை"ன்னு தன் பேருள்ள சாமியைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கிட்டு வெடுக்குன்னு பிடுங்கிட்டா.

ஸ்ஸ்ஸ்ஸ்! வெள்ளையா நுரை தள்ளுது. அவ சக்கரத்தைச் சுத்துதா. கிர்ர்ர்ர்... ஸ்ஸ்ஸ்... கிர்ர்ர்... ஸ்ஸ்... ஸ்...

சத்தம் நின்னு போச்சு. அமுக்கிப் பாத்தா டயரு கிண்ணுன்னு இருக்கு. ஏறி மிதிச்சா பாரு ஒரு மிதி!

பாம் பாம்! பிள்ளைங்க டம்ளரோட ஓடிவந்துச்சு. பெட்டியைத் திறந்தா புகை புகையா வருது. சந்தனமாரி குச்சியைப் பிடிச்சு ஒரு ஐஸை எடுத்து, கண்ணுல தண்ணி முட்ட, "இந்தா கனி, இதான் ஐஸ்"னு நீட்டுனா. கனி கையை நீட்டலை, வழக்கம்போல டம்ளரை நீட்டுச்சு. டங்னு விழுந்துச்சு ஐஸ்.

கனி உள்ள எட்டிப் பாத்துச்சு. டம்ளரை ஆட்டிப் பாத்துச்சு. டங், டங். அப்புறம் மணல்ல சம்மணம் போட்டு உக்காந்துட்டு.

"ஏட்டி, தின்னு!"ன்னா சந்தனமாரி.

"அவசரப்படாதீங்கக்கா, இது இன்னும் ஐஸ் ஆவலை. ஆனதும் குடிச்சுக்கிடுதேன்"னுச்சு கனி.

சந்தனமாரி சிரிச்ச சிரிப்புல சைக்கிளே சாஞ்சு விழுந்துட்டு. அப்புறம் அவளும் ஒரு ஐஸை எடுத்துக் கறுக்குன்னு கடிச்சுக் காட்ட, கனியும் அந்தப் பொக்கை வாயை வச்சு ஒரு கடி கடிச்சு, "ஆவ்வ்!"ன்னு துள்ளிக் குதிச்சு, "நீங்க பொய்யே சொல்லலைக்கா"ன்னு அவ கழுத்தைக் கட்டிக்கிட்டுச்சு.

ம்?

பவுனு... ஏட்டி?

சரி, கதையும் ஊர் போய்ச் சேந்துட்டு, நீயும் சேந்துட்ட. தூங்கு தாயி.