முப்பத்தொன்பதாவது துறைமுகம்

பாளையங்கோட்டையில் ரஹ்மத் நிஷாவிடம் மொபைல் கேம் செய்யக் கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் இன்னாசிமுத்து. அவருக்கு நாற்பத்தேழு. டீச்சருக்கு முப்பத்துமூன்று. அவர் டீச்சர் என்பார். அவள் அண்ணாச்சி என்பாள்.

இன்னாசிமுத்து தூத்துக்குடிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு கேம் செய்தார். பெயர் 'கரை'. புயலில் தோணிகள் வரும். விளையாடுபவர் கலங்கரை விளக்கைத் திருப்பித் திருப்பி வெளிச்சம் காட்டி அவற்றைக் கரை சேர்க்க வேண்டும். மொத்தம் நாற்பது துறைமுகங்கள்.

முதல் வாரம் பதினோராயிரம் பேர் டவுன்லோடு செய்தார்கள். பத்தாம் நாள் இருநூறு பேர் மிச்சம்.

அன்று டீச்சரின் வகுப்பு நடக்கும் மாடிக்கு ஏறி வந்தவர் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"டீச்சர், இந்தப் பிள்ளைங்க ஒரு கேமை ஏன் டவுன்லோடு பண்ணுதாங்க? ஏன் டெலீட் பண்ணுதாங்க?"

"கேட்டுப் பார்த்தீங்களா?"

"கேட்டேன். மூணு காலேஜ் வாசல்ல நின்னேன். அறுபது பேரு."

"என்ன சொன்னாங்க?"

அவர் நோட்டைத் திறந்து வாசித்தார். படம் அழகாக இருந்தது, டவுன்லோடு செய்தேன். ஃபிரெண்டு விளையாடினாள், நானும் செய்தேன். பஸ் வரவில்லை, சும்மா செய்தேன். கஷ்டமாக இருந்தது, விட்டுவிட்டேன். ரொம்ப ஈஸியாக இருந்தது, விட்டுவிட்டேன். போனில் இடம் இல்லை. பரீட்சை வந்துவிட்டது. எப்போது டெலீட் செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

"ஒருத்தன் கஷ்டங்கான். அவன் பக்கத்துல நிக்கவன் ஈஸிங்கான். இதுல எது நிஜம் டீச்சர்?"

"அறுபது பேரும் உங்களை மதிச்சுப் பதில் சொல்லியிருக்காங்க."

"புரியலை."

"நரைச்ச தலையோட ஒருத்தர் நோட்டும் பேனாவுமா வெயில்ல நின்னு கேக்கும்போது, தெரியாதுன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?"

இன்னாசிமுத்துவுக்கு அது பதில் மாதிரியும் இருந்தது, பதில் இல்லாத மாதிரியும் இருந்தது. திரும்பிப் போனார்.

வீட்டில் உட்கார்ந்து நோட்டில் இருந்த ஒவ்வொரு குறைக்கும் தகுந்தபடி கேமைத் திருத்தினார். கஷ்டம் என்றவர்களுக்காகப் புயலைக் குறைத்தார். ஈஸி என்றவர்களுக்காகப் பாறைகளைக் கூட்டினார். தினமும் திறந்தால் ஒரு பரிசு வைத்தார். திறக்காவிட்டால் 'உங்கள் தோணி காத்திருக்கிறது' என்று போனில் மணி அடிக்க வைத்தார்.

இருநூறு பேர் எண்பது ஆனார்கள்.

மறுபடியும் மாடி ஏறினார்.

"டீச்சர், பள்ளிக்கூடத்துல என் இடத்துக்கு இன்னும் ஆள் போடலை. திங்கட்கிழமைக்குள்ள வாறேன், வரலைன்னு சொல்லணும்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. ஒரே ஒரு காரணம் பிடிபட்டாப் போதும், இங்கேயே இருந்துருவேன். இல்லைன்னா கேமை எடுத்துட்டுப் போயிருதேன்."

"கேமுக்குக் கீழே எழுதுறாங்களே, அதைப் படிச்சீங்களா?"

"திட்டுனது எல்லாத்தையும் படிச்சேன்."

"திட்டாதது?"

அவர் போனை எடுத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. ஐந்து நட்சத்திரம். செண்பகா என்று பெயர். 'ரொம்ப நல்ல கேம். 39 துறைமுகம் முடிச்சேன். டெலீட் பண்ணிட்டேன். நன்றி.'

இன்னாசிமுத்து அதை இரண்டு முறை படித்தார்.

"நல்ல கேமுங்கா. அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்கா. நன்றியும் சொல்லுதா. பிறகு எதுக்கு டெலீட் பண்ணணும்? அதுவும் இன்னும் ஒண்ணுதானே பாக்கி?"

"போய்ப் பார்த்துட்டு வாங்க."

"என்ன கேக்கணும்?"

ரஹ்மத் நிஷா கம்ப்யூட்டர்களைப் போடப் போனாள். அடுத்த வகுப்புக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

அவர் அந்தக் கருத்துக்குக் கீழே தன் நம்பரைப் போட்டார். மறுநாள் அவளே கூப்பிட்டாள். வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, மதியம் அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை, வந்தால் பேசலாம் என்றாள்.

இன்னாசிமுத்து பதினான்கு கேள்விகள் எழுதிக்கொண்டு போனார்.

செண்பகாவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கடையின் சீருடைச் சேலையில் இருந்தாள். பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள்.

"நீங்கதான் செஞ்சீங்களா சார்? யாரோ பெரிய கம்பெனின்னு நினைச்சேன்."

"நான் ஒருத்தன்தாம்மா. எதைப் பார்த்து டவுன்லோடு பண்ணுன?"

"சார்ஜ் கம்மியா எடுக்கும்னு போட்டிருந்துச்சு சார். ஆஸ்பத்திரியில ஒரு பிளக்தான் இருந்துச்சு. அதுலயும் அம்மாவுக்கு வச்சிருந்த மிஷின் சொருகியிருந்துச்சு."

அவர் எழுதினார்: சார்ஜ்.

"படம் பிடிச்சுதா?"

"பிடிச்சுது சார். முதல்ல சரியாப் பார்க்கலை. அம்மா தூங்குறப்ப சத்தத்தை அணைச்சுட்டு விளையாடுவேன். ஒரு நாளைக்கு ரெண்டு துறைமுகம், சில நாள் மூணு."

"முப்பத்தொண்ணாவது துறைமுகம் கஷ்டம்னு நிறைய பேர் சொன்னாங்க."

"ஆமா சார், அங்க பாறை நிறைய. ஒரு நாள் பூரா அதையேதான் விளையாடுனேன். அன்னைக்கு அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. என்னை உள்ள விடலை."

"அங்க விட்டுரலாம்னு தோணலையா?"

"இல்லை சார். தோணி வந்துகிட்டே இருந்துச்சு."

அவர் எழுதினார்: 31, கஷ்டம், ஆனால் விடவில்லை.

"விளக்கோட மஞ்சள் வெளிச்சம் கண்ணு கூசுதுன்னு சொன்னாங்க. உனக்கு?"

"கூசலை சார்."

"நீ விளையாடுனப்ப நான் இன்னும் பரிசு வைக்கலை. அது குறையா இருந்துச்சா?"

"பரிசா?" அவள் யோசித்தாள். "தோணி வந்து சேர்ந்ததும் அந்தக் கரையில ஒரு அம்மா குடையைப் பிடிச்சுட்டு நிப்பாங்களே, அதுவே போதும் சார்."

இடத்தை நிரப்ப, மழைக்காகக் குடையும் கொடுத்து அவர் கடைசி நேரத்தில் வரைந்து வைத்த உருவம் அது. அதையும் எழுதிக்கொண்டார்.

"சரிம்மா. முப்பத்தொன்பது முடிச்சிருக்கே. பிறகு ஏன் டெலீட் பண்ணுன?"

செண்பகா டிபன் பாக்ஸை மூடினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"அது முடிச்ச அன்னைக்கு வீட்டுக்கு வந்துட்டோம் சார்."

"வீட்டுல வச்சு அந்த ஒண்ணையும் முடிச்சிருக்கலாமே?"

"திறந்தேன் சார். திறந்ததும் அந்த வார்டோட மருந்து வாசனை வந்துருச்சு."

"போன்லயா?"

"போன்ல எப்படி சார் வரும்?"

அவள் கேட்ட விதத்தில் கேலி இல்லை. அவரே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. இன்னாசிமுத்துவுக்கு எதை எழுதுவது என்று தெரியவில்லை. '39, காரணம் தெளிவாக இல்லை' என்று எழுதினார். இன்னும் நான்கு கேள்விகள் பாக்கி இருந்தன. அவற்றையும் கேட்டார். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடையில் மணி அடித்ததும் எழுந்து சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"கேமை எடுத்துராதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியேறி உள்ளே போனாள்.

பஸ்ஸில் வரும்போது அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. குறை என்று அவள் ஒன்றுகூடச் சொல்லவில்லை. பாறை நிறைய இருந்தும் விளையாடியிருக்கிறாள். பரிசு இல்லாமல் விளையாடியிருக்கிறாள். விளையாட எந்தத் தடையும் இல்லாத இடத்துக்கு வந்த பிறகு டெலீட் செய்திருக்கிறாள். இதை நோட்டில் எந்தக் கட்டத்தில் போடுவது? டெலீட் பண்ணியவள் கேமை எடுக்காதே என்கிறாளே, அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

அவர் மாடிக்கு வந்தபோது ரஹ்மத் நிஷா தனியாக இருந்தாள். கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா அண்ணாச்சி?"

"பார்த்தேன் டீச்சர். நல்ல பிள்ளை."

எல்லாவற்றையும் சொன்னார். சார்ஜ், பிளக், முப்பத்தொன்றாவது துறைமுகம், குடை பிடித்த அம்மா, மருந்து வாசனை. ஒன்றையும் விடவில்லை. அவள் கடைசிக் கம்ப்யூட்டரை அணைக்காமல் நின்று கேட்டாள்.

"பதினாலு கேள்வி கேட்டேன் டீச்சர். பதினாலுக்கும் பதில் சொன்னா. போறதுக்கு முன்னால இருந்த குழப்பமே தேவலை. அப்பவாவது என் கேம்ல ஏதோ தப்பிருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன்." அவர் நோட்டை மூடினார். "சொல்லுங்க டீச்சர். நான் எதைத்தான் மாத்தணும்?"

ரஹ்மத் நிஷா அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவங்க அம்மா இப்ப எப்படி இருக்காங்க, அண்ணாச்சி?"

இன்னாசிமுத்து நோட்டைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பதினான்கு கேள்விகளில் அந்தக் கேள்வி இல்லை.