மேனேஜர் கொடுத்த லீவு

வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸில் எதையும் இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும் என்பது மேனேஜர் சேஷகிரியின் சட்டம். அங்கே பெருக்கித் துடைக்கும் வேலுத்தாய்க்கு மறுநாள் மகளின் வளைகாப்பு.

"லீவ், சார்" என்றாள்.

"முழுசா இங்கிலீஷ்ல கேளு!"

"லீவ், சார்."

நாலாவது தடவை அவர் மேசையைத் தட்டிக் கத்தினார். "யூ லீவ்! நவ்!"

"தேங்க் யூ, சார்!" என்று சிரித்தபடியே போய் பஸ் ஏறிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, கை நிறைய வளையலோடு வந்தவளை மேனேஜர் முதலாளியம்மா முன்னால் நிறுத்தினார். "உனக்கு யார் லீவு குடுத்தது?"

"நீங்கதான், சார். ஆபீஸே கேட்டுச்சே."

"நான் வெளியே போன்னு சொன்னேன்!"

"அதான் போயிட்டு வந்தேன், சார்."

முதலாளியம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சேஷகிரி, இனிமே எல்லாரும் தமிழ்லயே கேக்கட்டும். உங்க இங்கிலீஷுக்கு ரெண்டு அர்த்தம் வருது."