சீமைக்கருவேலக் கட்டையும் நாலு கரண்டிச் சர்க்கரையும்

புளிக்கவைத்த ஏழாவது கலனும் போச்சு. மூடியைத் திறந்த திலகர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நுரையைக் காணோம், சாராய வாடையையும் காணோம். போட்ட ஈஸ்ட் அத்தனையும் செத்து அடியில் சேறாகக் கிடந்தது.

பதினாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். சீமைக்கருவேலக் கட்டையை அவித்துச் சர்க்கரை இறக்கி, அதை ஈஸ்ட்டுக்குக் கொடுத்து, வண்டிக்கு ஊற்றும் எத்தனால் எடுத்தே தீருவேன் என்று, சம்பளமில்லாத விடுப்பில் ஆராய்ச்சிக்கு வந்தவர். விடுப்பு முடிய ஒன்பது நாள். இன்னும் ஒரே ஒரு கலன் போடலாம். அதுவும் போனால் ஆராய்ச்சிக்கு முழுக்குத்தான்.

வழிகாட்டிப் பேராசிரியை நஸீமா அவரைவிட ஆறு வயது இளையவர். வந்து கலனை எட்டிப் பார்த்தார்.

"கட்டையை எத்தனை டிகிரியில அவிச்சீங்க?"

"நூத்தித் தொண்ணூறு மேடம். ஆசிட்டும் கூட்டினேன்."

"முதல் தடவை?"

"நூத்தி அறுபது. அதுக்கெல்லாம் அந்தக் கட்டை மசியுமா? ஒவ்வொரு தடவையும் ஏத்திக்கிட்டே வந்தேன்."

"சர்க்கரை?"

"அதுதான் வயித்தெரிச்சல். இந்தத் தடவை மாதிரி கட்டையிலிருந்து சர்க்கரை எப்பவுமே இறங்கினதில்லை. இவ்வளவு கொட்டிக் கொடுத்தும் ஈஸ்ட் ஏன் தொடமாட்டேங்குது? எனக்கு அலுத்துப்போச்சு மேடம்."

"வாங்க, டீ குடிப்போம்."

தன் அறையில் நஸீமா பாலை அடுப்பில் வைத்து, சூட்டை முழுசாக ஏற்றினார்.

"மேடம், அடிபிடிக்குது."

"பிடிக்கட்டும். சீக்கிரம் ஆகணுமே."

அடிபிடித்த பாலில் டீயைப் போட்டு, நாலு கரண்டிச் சர்க்கரையும் கலந்து நீட்டினார். திலகர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் வெச்சுட்டீங்க?"

"தீய்ஞ்ச வாடை. குடிக்க முடியலை."

"நாலு கரண்டி போட்டிருக்கேனே."

திலகர் டம்ளரை எடுத்து மறுபடி முகர்ந்தார். பிறகு எழுந்து போய்க் கலனை முகர்ந்தார். அதே கருகல் வாடைதான். தடவைக்குத் தடவை கூடிக்கொண்டே வந்த வாடை. சர்க்கரைக் கணக்கு பார்த்த சந்தோஷத்தில் அதை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. சூடு ஏறியதில் சர்க்கரையோடு கருகலும் இறங்கியிருக்கிறது, வாயில்லாத உயிர்களான ஈஸ்ட்டுக்கு அந்த விஷத்தை அல்லவா ஊட்டியிருக்கிறோம் என்று மனசு கசந்துபோனது.

திரும்பி வந்தார்.

"சூட்டைக் குறைச்சா பாதிக் கட்டை வேகாமலே நின்னுடும் மேடம்."

"நிக்கட்டும்."

"ஒன்பது நாள்தான் இருக்கு. இப்பவே அடுப்பை மூட்டிடறேன்."

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"நேத்து?"

திலகர் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

நஸீமா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"வேகாததை நாளைக்குக்கூட வேக வெச்சுக்கலாம், திலகர். தீய்ஞ்சுபோனதை என்ன பண்ணுவீங்க?"