மழை ஒதுங்கிய பாட்டு

ஏரித் தண்ணீருக்காகச் சொந்தத் தம்பியோடு சண்டைக்குப் போனார் செங்கமேட்டு ஜமீன்தார். போன இடத்தில் புயல் வந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் தலைதெறிக்க ஓடினார்கள்; முதலில் ஓடியவர் ஜமீன்தார்தான். வீட்டுக்கு வந்து தலை துவட்டியதும் வெட்கமில்லாமல் ஒரு பாட்டு எழுதினார்: தம்பி தன் வாளுக்கு அஞ்சினான், புயல் தன் காலில் விழுந்தது, மழை தன்னைத் தொடப் பயந்து ஒதுங்கிப் பெய்தது.

அதைக் கல்லில் வெட்டி ஏரிக்கரையில் நட்டார்கள். கூலிப் புலவர்கள் வரிக்கு வரி "ஆகா" போட்டார்கள். ஜமீன்தாருக்குக் குடை பிடித்து நின்ற இருளாண்டி மட்டும் கொட்டாவி விட்டான்.

"நீ பொருள் சொல்லுடா! குறை சொன்னாலும் சாட்டையடி, வாயை மூடிக்கிட்டு நின்னாலும் சாட்டையடி" என்றார் ஜமீன்தார்.

அந்நேரம் மழை பிடித்துக்கொண்டது. இருளாண்டி குடையை மடக்கினான்.

"என்னடா செய்யறே?"

"பொருள் சொல்றேன் எசமான். மழை உங்களைத் தொடாதுன்னு பாட்டு சொல்லுது. குடை பிடிச்சா பாட்டைக் குறை சொன்ன மாதிரி ஆயிடுமே. ஏன் எசமான், நனையுறீங்களா?"

மீசையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, "இல்லை" என்றார் ஜமீன்தார். "துளிகூட இல்லை" என்றார்கள் புலவர்கள், தொப்பலாக நின்றபடி. மழை விடும்வரை ஒருவரும் நகரவில்லை.

மறுநாள் ஜமீன்தாருக்குக் குளிர்காய்ச்சல். எதனால் வந்தது என்று வைத்தியர் கேட்டார். புலவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்:

"எசமான் நேத்து வெயில்ல நின்னுட்டாரு."