இரண்டு வட்டிச் சட்டம்

வல்லிக்குறிச்சியை ஆண்ட பூவராக ராஜா நல்லவர்தான். நல்லவர் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் அவசரம் உண்டு. படிக்கப் போகிறவர்களுக்குப் பொக்கிஷத்திலிருந்து கடன் கொடுப்பது அந்தச் சீமை வழக்கம். வருஷத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. கடனை அடைப்பதற்குள் படித்ததே மறந்துபோகிறது என்று ஜனங்கள் புலம்பவே, ராஜா சித்திரை முதல் தேதி ஒரு சட்டம் போட்டார். படிப்புக் கடனுக்கு வட்டி இனிப் பன்னிரண்டு அல்ல, இரண்டு.

யானை மேல் முரசு வைத்து அறைந்தார்கள். வீட்டுக்கு வீடு கற்கண்டு கொடுத்தார்கள். சபையில் ஓலை வாசிக்கும் கோதண்டமும் ஒரு கை கற்கண்டு வாங்கித் தின்றார்.

வைகாசிக் கடைசியில் கண் வைத்தியம் பார்க்கும் உலகம்மை அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நூறு பொன் கடன் வாங்கிப் படித்தவள்.

"வருஷத்துக்கு ரெண்டு பொன்னுதானேன்னு சித்திரையிலேயே கட்டிட்டேங்க. வைகாசியில மறுபடி வந்து ரெண்டு பொன் கேட்டாங்க, கொடுத்தேன். இப்ப ஆனிக்கும் ரெண்டாம். ஆடி முதல் தேதிக்குள்ள கட்டலைன்னா பட்டயத்தையும் மருந்துப் பெட்டியையும் தூக்கிட்டுப் போயிடுவாங்களாம். பெட்டி போயிட்டா நான் எதை வச்சு வைத்தியம் பார்க்கிறது?"

அன்று தின்ற கற்கண்டு இப்போது கோதண்டத்துக்கு வாயில் கசந்தது. கடைத்தெருவில் 'ரெண்டு வட்டி' என்றால் மாசத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அரண்மனையில் ராஜாவுக்குத்தான் தெரியாது. சட்ட ஓலையை எழுதிய பொக்கிஷதார் ஏகாம்பரம் மாசம் என்றும் போடவில்லை, வருஷம் என்றும் போடவில்லை. பன்னிரண்டைக் குறைத்து இருபத்து நாலாக்கிவிட்டார். வருகிற பொன்னும் பொக்கிஷத்துக்குப் போகிற வழியில் ஏகாம்பரத்தின் வீட்டில் கொஞ்சம் இளைப்பாறிவிட்டுத்தான் போனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

நேரே போய்ச் சொன்னால் ராஜாவுக்கு ரோஷம் வரும். தன் சட்டத்தைக் குறை சொல்கிறானே என்பார். ஏகாம்பரமோ, இரண்டு என்றிருக்கிறது, இரண்டுதானே வாங்குகிறேன் என்பார். கோதண்டம் வேறு வழி தேடினார்.

ஆனி முதல் தேதி, சம்பள நாள். அதிகாரிகளின் பெயரைக் கோதண்டம் வாசிப்பார், ராஜா தம் கையால் பொன் கொடுப்பார். அன்று கோதண்டம் ஏகாம்பரத்தை வானளாவப் புகழ்ந்தார். இப்பேர்ப்பட்ட சட்டத்தை எழுதிய கைக்கு இருபது பொன் சம்பளம் போதுமா, அதை நூறாக்கக் கூடாதா என்று கேட்டார். ராஜாவுக்குத் தம்மையே புகழ்ந்த மாதிரி இருந்தது. சரி என்றார். ஏகாம்பரம் ஓலையைப் பிடுங்காத குறையாக வாங்கி, "ஏகாம்பரத்தின் சம்பளம் இனி இருபது அல்ல, நூறு" என்று தாமே எழுதினார். நூறு பொன்னை மடியில் கட்டிக்கொண்டு போனார்.

ஆடி முதல் தேதி வந்தது. உலகம்மையையும் கோதண்டம் சபைக்கு வரச் சொல்லியிருந்தார். அவள் மருந்துப் பெட்டியை இறுக்கி அணைத்தபடி தூண் ஓரம் நின்றாள். கோதண்டம் எல்லார் பெயரையும் வாசித்துவிட்டு ஓலையைக் கட்டினார்.

"என் பெயரை விட்டுவிட்டீர்," என்றார் ஏகாம்பரம்.

"உம்முடைய பெயர் அடுத்த ஆனியில் வரும். நூறு பொன்தான் வாங்கிவிட்டீரே."

"அது மாசச் சம்பளம் ஐயா! ஓலையில் வருஷம் என்று எங்கே இருக்கிறது?"

"மாசம் என்று மட்டும் எங்கே இருக்கிறது? உம்முடைய கையெழுத்துதான், வாசித்துப் பாரும்."

ஏகாம்பரத்துக்கு வியர்த்தது. "இதையெல்லாம் எழுதவா வேண்டும்? சம்பளம் என்றால் மாசக் கணக்கு. ஊருக்கே தெரிந்த வழக்கம்."

கோதண்டம் காத்திருந்தது இதற்குத்தான். "சரியாகச் சொன்னீர். படிப்புக் கடன் என்றால் வருஷக் கணக்கு. அதுவும் ஊருக்கே தெரிந்த வழக்கம். பிறகு இந்த உலகம்மையிடம் மாசா மாசம் என்ன வாங்கினீர்?"

ராஜா உலகம்மையை அழைத்து விசாரித்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. தாம் கொடுத்த கற்கண்டுக்கு ஊரார் கொடுத்த விலை இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அந்த இடத்திலேயே சட்ட ஓலையில் 'வருஷத்துக்கு' என்ற சொல் ஏறியது. அதிகம் வாங்கிய பொன் முழுவதையும் ஏகாம்பரம் தம் கையிலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. அவர் சம்பள ஓலையில் நூறு என்பதை மட்டும் ராஜா மாற்றவில்லை. அதற்கு முன்னாலும் 'வருஷத்துக்கு' என்று எழுதச் சொல்லிவிட்டார். உலகம்மை பெட்டியோடு வீடு போய்ச் சேர்ந்தாள்.

"கோதண்டம், உமக்கு நூறு பொன் பரிசு," என்றார் ராஜா.

கோதண்டம் கைகூப்பினார். பொன்னை வாங்கவில்லை. ஒரு ஓலையையும் எழுத்தாணியையும் ராஜா முன்னால் பணிவாக நீட்டினார்.

"மகாராஜா கோபித்துக்கொள்ளக் கூடாது. மாசத்துக்கா, வருஷத்துக்கா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, எழுத்தாணியை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக எழுதினார்: "ஒரே ஒரு தடவை."